வாங்காதவர்கள் பார்த்த வீடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பொய்யிலிருந்து கிடைத்தது. பொய் என்னுடையது அல்ல, என் மனைவியின் தம்பியுடையது. நான் அதில் நடிக்கப் போனவன், அவ்வளவுதான்.

மச்சினன் வீட்டுத் தரகன். தரகன் என்று சொன்னால் அவன் முகம் சுருங்கிவிடும். அட்டையில் 'வாழ்விட ஆலோசகர்' என்று போட்டிருக்கிறான். விலை கூடிய வீடுகளை விற்க அவனிடம் ஒரு முறை உண்டு. வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே வீட்டைப் பார்க்க இன்னொருவரும் தற்செயலாக வந்துவிட வேண்டும். வந்தவர் சுவரை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். 'ம்' என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் பேசக் கூடாது. அந்த 'ம்' காதில் விழுந்ததும் முதலில் வந்தவருக்கு, அதுவரை குறையாகத் தெரிந்ததெல்லாம் நிறையாகத் தெரியும் என்பது அவன் அனுபவம்.

அந்த இன்னொருவராக என்னைக் கூப்பிட்டான். என்னை ஏன் என்று கேட்டேன். "எதைப் பாத்தாலும் பிடிக்காத மாதிரி ஒரு மூஞ்சி இருக்கு அத்தான் உங்களுக்கு. பெரிய பணக்காரங்களுக்குத்தான் அது வரும்" என்றான். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் வரும் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டான். போனேன். தட்டினேன். 'ம்' என்றேன்.

எனக்கு முன்னால் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் என் நடிப்பு. ஆனால் அவர்களுக்கும் முன்னால் இன்னொரு தம்பதி இருந்தார்கள். அந்தப் பெண் மூன்றாவது மாடி அறைக்குள் நுழைந்ததும் கையை நீட்டி விளக்கைப் போட்டாள்.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். அந்த வீட்டில் சுவிட்ச் கண்ணில் படக் கூடாது என்பது கட்டியவரின் கொள்கை. அலமாரியின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மச்சினனே சுவரெல்லாம் தடவித்தான் கண்டுபிடிப்பான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை அதுபாட்டுக்குப் போயிற்று, விளக்கு எரிந்தது.

படியிறங்கும்போது, அவர்கள் யார் என்று கேட்டேன். "நான் கூட்டிட்டு வரல அத்தான். வீட்ட விக்கற கம்பெனி அனுப்பியிருக்கும்" என்றான். கம்பெனியும் உன்னை மாதிரி ஆள் வைத்து அனுப்புமா என்றேன். யோசித்தான். பிறகு, அந்தப் பல் டாக்டரைக்கூட நாலைந்து வீடுகளில் பார்த்ததாக இன்னொரு தரகன் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம் என்றான்.

ஆக, அன்றைக்கு அந்த வீட்டில் நாங்கள் இத்தனை பேர் இருந்தோம், வாங்குகிறவர் ஒருவராவது இருந்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'மாலை வெயில் அந்த மாளிகையின் கண்ணாடிச் சுவர்களில் பொன்னாய் உருகி வழிந்துகொண்டிருக்க —'

விட்டுவிட்டேன். எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், மச்சினனின் விளம்பரத் தாள். அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

'விழித்துக்கொண்டபோது, தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்பது அவளுக்கு —'

இது எனக்குப் பிடித்திருந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். "எங்க படுத்தாளோ அங்கதான எழுந்திருப்பா? இதுல என்ன குழப்பம்?" என்றாள். அதுவும் போயிற்று.

சரி, வீட்டையாவது சொல்லிவிடுகிறேன். தரைத்தளத்தில் வண்டி நிறுத்துமிடம். அதற்கு மேல் நாலு மாடி. முதல் மாடியில் கூடமும் சமையலறையும். விளம்பரத் தாளில் அதற்குப் பெயர் 'சந்திப்பு வெளி'. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் படுக்கையறைகள். நாலாவதில் துணி காயப்போட ஒரு கொடி, சுற்றிலும் மூங்கில் தட்டி; பெயர், 'தென்றல் முற்றம்'. [பெயர்கள் எல்லாம் என்னுடையவை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தென்றல் முற்றம் மோசமில்லை.] வீட்டுக்குள்ளேயே லிஃப்ட். குழாய்களுக்குத் திருகு கிடையாது, கையைக் காட்டினால் தண்ணீர் வரும். என் கையைக் காட்டினேன், வரவில்லை. கடிகாரம் கட்டிய கையைக் காட்டினேன், வந்தது. இது தற்செயல் என்றுதான் இன்னும் நம்புகிறேன்.

'துடிப்பான சுற்றுப்புறம்' என்பது விளம்பரத்தின் முதல் வரி. துடிப்பு உண்மைதான். எதிரே உடற்பயிற்சிக் கூடம், தடதடவென்று பாட்டு. பக்கத்தில் பஞ்சர் கடை. கீழே செல்போன் உறை விற்கிறவர், பள்ளி வண்டிகளின் ஹார்ன், ஒலிபெருக்கியில் தன் பழத்தைத் தானே புகழும் தள்ளுவண்டி. இரண்டாவது வரி, 'வெளிச்சத்தம் துளியும் நுழையாத இரட்டைக் கண்ணாடி'. தெருவின் துடிப்புக்கு ஒரு விலை, அது உள்ளே வராமல் இருக்க இன்னொரு விலை. இரண்டையும் சேர்த்து ஒருவர் கொடுக்கப் போகிறார். அவரைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

3

இனிமேல் வருவது கற்பனை. அந்தக் கை சுவிட்சுக்குப் போன விதத்திலிருந்து நானாகக் கட்டியது.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் வேலை. ஒரு கட்டத்தில் எல்லோரும் குழம்பிப்போய் ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் கண் களைத்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பாள்.

அவள் கணவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். வாத்தியாரென்றே வைத்துக்கொள்வோம். அவர் வண்டி ஓட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுகிறவர் எங்காவது கொண்டுபோய் மோதாதபடி, தனக்கென்று இருக்கும் பிரேக்கில் கால் வைத்திருப்பார். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், வாத்தியார் வாயைத் திறக்க மாட்டார், அவர் கால் மட்டும் தரையை அழுத்தும்.

இரண்டு பேரும் பிரிவதென்று முடிவு செய்திருந்தார்கள்.

[காரணம் என்ன என்று எழுத மூன்று நாளாக முயன்றேன். 'அவருக்கு இன்னொரு பெண்ணோடு —' இல்லை. 'குழந்தை இல்லாத குறை —' ஐயோ, வேண்டாம். 'அவள் சம்பளம் அவர் சம்பளத்தைவிட —' இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. மனைவியிடம், காரணமே தெரியாமல் இரண்டு பேர் பிரிவார்களா என்று கேட்டேன். "காரணம் தெரிஞ்சா சண்டை போட்டுச் சேர்ந்துடுவாங்க. தெரியாதவங்கதான் பிரிவாங்க" என்றாள். ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று ஒரு பார்வை பார்த்தாள். நான் கதைக்குத் திரும்பிவிட்டேன்.]

அப்போது அவர்கள் இருந்தது ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை. பிரிவதற்குக்கூடக் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் எதிர்ச் சுவரின் கண்ணாடியில் அதே முகம் தெரிகிற வீட்டில் எப்படிப் பிரிவது? அந்த நேரத்தில்தான் கம்பெனி வந்தது.

கம்பெனியின் முறையைச் சொல்லிவிட வேண்டும். பெரிய வீடு காலியாகக் கிடந்தால் விலை போகாது. ஆளில்லாத வீட்டுக்கு ஒரு வாடை உண்டு, உள்ளே நுழைகிறவர் மூக்குக்கு அது தெரிந்துவிடும். அதனால் விற்கும்வரை ஒரு தம்பதியைச் சொற்ப வாடகைக்குக் குடிவைப்பார்கள். அவர்கள் இருக்கலாம், ஆனால் இருப்பது தெரியக் கூடாது. சுவரில் ஆணி கூடாது, படம் கூடாது. ஆள் வருகிறது என்று தகவல் வந்தால் பல் விளக்கும் பிரஷ் முதல் செருப்பு வரை எல்லாவற்றையும் ஒளித்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். பார்க்க வந்தவர் கண்ணில் பட்டால் அந்த வாரமே காலி.

அதே சமயம், யாரோ மகிழ்ச்சியாக வாழ்கிற மாதிரியும் தெரிய வேண்டும். அதற்கான சாமான்களைக் கம்பெனியே கொடுத்திருந்தது. முதல் மாடி பால்கனியில் இரண்டு கோப்பைகள். இரண்டாவது மாடிக் கட்டிலில் பாதி படித்த மாதிரிக் கவிழ்த்த இரண்டு புத்தகங்கள். குளியலறைக் கொக்கியில் இரண்டு வெள்ளை அங்கிகள், ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று. கம்பெனியின் மேற்பார்வை அக்கா முதல் நாளே வந்து எல்லாவற்றையும் வைத்துக் காட்டினாள். "எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கணும்மா. ஒத்தையா ஒண்ணு கிடந்தா பாக்கறவங்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும்" என்றாள்.

அவள் மூன்றாவது மாடியை எடுத்துக்கொண்டாள். வாத்தியார் இரண்டாவதில். வீடு விற்கிற நாள்தான் பிரிகிற நாள் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம், தனித்தனியாக வாடகை கொடுக்க வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். பிரிந்த தம்பதி, சேர்ந்த தம்பதி மாதிரி தடயங்களை வைப்பார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் எடுத்து மடித்துவிடுவார்கள்.

வீடு விற்கவில்லை. மாதங்கள் போயின. லிஃப்டில் எதிர்ப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி, "கிளம்பிட்டீங்களா?", "ம், கடைக்கா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். காலையில் அவர் முட்டை வேகவைத்தால் இரண்டாக வேகவைத்து ஒன்றைச் சமையலறையில் விட்டுவிட்டுப் போவார். [இந்த முட்டை கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது. எடுத்துவிடலாம் என்றேன். மனைவி இருக்கட்டும் என்றாள். பக்கத்தில் உப்பு மிளகுப் பொட்டலமும் வைத்திருந்தேன். அதை மட்டும் எடுத்துவிட்டேன்.] துவைக்கும் இயந்திரம் பெரிது என்பதால் அவள் தன் துணியோடு அவர் காலுறைகளையும் போட்டுவிடுவாள். இதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறதா, இயந்திரம் பெரிது என்பதுதான் அர்த்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆள் வருகிறது என்று தகவல் வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பயம் வரும். விற்றுவிடுமோ என்றா, விற்காமல் போய்விடுமோ என்றா? இதுவா, முன்னாடி போட்டதா? ரெண்டும் ஒண்ணுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பாள்.

4

எனக்கு வாத்தியார் மேல் சந்தேகம்.

அவளை எனக்குத் தெரியும். அவள் கை எங்கே போகும், எப்போது தண்ணீர் குடிப்பாள் எல்லாம் தெரியும். இந்த மனிதர் மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார். அவர் மனசுக்குள் போய் ஒரு பத்தி எழுதலாமென்று உட்கார்ந்தேன். 'வாத்தியார் நினைத்துக்கொண்டார், இவள் மட்டும் ஒரு வார்த்தை —' அதற்கு மேல் அவர் நினைக்கவில்லை. பிரேக் போட்டுவிட்டார்.

மச்சினனிடம் கதையைச் சொன்னேன். அவன் கொஞ்சமும் தயங்காமல், "வீடு சல்லிசாக் கிடைக்குதுன்னு ஒட்டிக்கிட்டு இருக்காரு அத்தான், வேறென்ன" என்றான். மனைவியோ, அவருக்கு அவள் மேல் பிரியம் இருக்கிறது, வாய்தான் இல்லை, ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான் என்றாள். எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

அக்காள் தம்பி இருவருமே மனிதர்களை நன்றாக எடை போடுகிறவர்கள். இதில் யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்கத்தான் அடுத்த காட்சியை எழுதினேன். எழுதி முடித்தபோது முன்பைவிட அதிகமாகக் குழம்பிப்போயிருந்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை. பல் டாக்டரும் மனைவியும் வருகிறார்கள். [நானும் அங்கே இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கதையிலிருந்து என்னை எடுத்துவிட்டேன். என்னைப் பணக்காரனென்று வாசகர் நம்ப மாட்டார். பல் டாக்டரையும் நிஜமாகவே வாங்க வந்தவராக மாற்றிவிட்டேன். ஒருவராவது வாங்கினால்தான் கதை நகரும்.]

தகவல் வந்ததும் வாத்தியாருக்கு அவள் செல்போனில் செய்தி அனுப்பினாள். அவர் பார்க்கவில்லை, பக்கத்தில் ஒரு புது மாணவி குறுகலான சந்தில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் செல்போனைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. அவள் தன் மாடியைச் சுருட்டி ஒளித்துக்கொண்டிருக்கும்போதே கீழே பேச்சுக்குரல் கேட்டது. சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

படியில் பாதி இறங்கியவள் அப்படியே நின்றாள். முதல் மாடிக் கூடத்தில் மச்சினன், பல் டாக்டர், அவர் மனைவி. எதிரே, தரைத்தளத்திலிருந்து ஏறி வந்த வாத்தியார். கையில் வீட்டுச் சாவி, சட்டைப் பையின் மேல் ஓட்டுநர் பள்ளியின் பெயர். மச்சினன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா? எவ்வளவு நேரமா மேலயே நிக்கறது? வாங்க, மூணாவது மாடி நல்லா இருக்கு." பிறகு மச்சினன் பக்கம் திரும்பி, கம்பெனியில்தான் அனுப்பினார்கள், சாவியும் அவர்கள் கொடுத்ததுதான் என்றாள்.

மச்சினனுக்குப் போட்டிக்கு ஆள் இலவசமாகக் கிடைத்த சந்தோஷம். அவன் ஏன் துருவிக் கேட்கப் போகிறான்?

பல் டாக்டர் வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார். இப்படிப்பட்ட வீட்டைப் பார்க்க இப்படிப்பட்ட சட்டையில் ஒருவர் வருகிறார் என்றால், அவரிடம் எக்கச்சக்கமாக இருக்க வேண்டும். "டிரைவிங் ஸ்கூல் உங்களுதா சார்? எத்தனை கிளை?" என்று மரியாதையாகக் கேட்டார். வாத்தியார் யோசித்து, நிறைய என்றார். பல் டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். அவர் இந்த வீட்டை விரும்பியதற்கு ஒரே காரணம், நாலாவது மாடியில் நின்றால் தெருமுனையில் இன்னொரு பல் டாக்டரின் பலகை தெரிந்தது. தினமும் அதை மேலிருந்து பார்க்க அவருக்கு ஆசை.

ஐந்து பேரும் வீட்டைச் சுற்றினார்கள்.

இரண்டாவது மாடிக்குள் அவள் முதல் நாளுக்குப் பிறகு நுழைந்ததே இல்லை. அது அவர் எல்லை. கட்டில், கவிழ்த்த புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காலையிலேயே தன் சாமான்களை ஒளித்து, கம்பெனி சாமான்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். கொக்கியில் இரண்டு அங்கிகளும் தொங்கின. பெண்ணின் அங்கியுடைய கை, ஆணின் அங்கிப் பைக்குள் நுழைந்திருந்தது.

அக்கா இப்படித்தான் வைக்கச் சொன்னாளா? முதல் நாள் காட்டியபோது கை தொங்கிக்கொண்டுதானே இருந்தது? இல்லை, அப்போதே நுழைத்துத்தான் வைத்தாளோ? எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதல் முறை பார்க்கிறவர் மாதிரி.

மூன்றாவது மாடிக்குப் போனார்கள். இப்போது அவர் முறை. அவரும் இங்கே வந்ததில்லை. நடிக்க வேண்டிய தேவையே இல்லாமல், ஜன்னலை, ஓரத்து மேஜையை, அவள் தலையணை இருந்த பக்கத்தை எல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

பல் டாக்டரின் மனைவிக்குப் போட்டியாளர்களின் திட்டம் தெரிய வேண்டும். சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "நீங்க எந்த ரூம் எடுத்துப்பீங்க?" என்றாள்.

"நான் இது. அவரு கீழ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் அவள்.

"தனித்தனியாவா?"

"குறட்டை விடுவாரு."

"நான் குறட்டை விட்டதே இல்ல" என்றார் வாத்தியார். "ராத்திரி ரொம்ப நேரம் மேல நடந்துட்டு இருப்பா. அதுதான் கீழ கேக்கும்."

பல் டாக்டரின் மனைவிக்குப் புரியவில்லை. வாங்காத வீட்டில் யார் எங்கே நடந்தது? மச்சினன் அவசரமாக அலமாரியைத் திறந்து மூடிக் காட்டினான். வாத்தியார் நிறுத்தவில்லை.

"வாங்கினா ரெண்டு பேரும் இந்த மாடியிலயே இருந்துக்கலாம்னு நெனைக்கறேன்" என்றார். "கீழ் மாடிய பூட்டிடலாம்."

"அவ்வளவு பெரிய மாடிய எதுக்குங்க பூட்டணும்?" என்றாள் பல் டாக்டரின் மனைவி.

"பூட்டிட்டுச் சாவியையும் தொலைச்சிடலாம்."

அவள் அவர் காலைப் பார்த்தாள். தரையை அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

'அவளுக்கு அப்போது —' என்ன தோன்றியது என்று எழுத வேண்டிய இடம் இது. கோபம் என்று எழுதி அடித்தேன். நிம்மதி என்று எழுதி அடித்தேன். பல் டாக்டர் தம்பதி எதிரில் நிற்கிறார்கள். அவர்கள் நம்ப வேண்டுமென்றால் இப்படித்தான் பேச வேண்டும். நல்ல நடிகர் இதைத்தான் சொல்வார். மனசில் இருக்கிறவரும் இதைத்தான் சொல்வார். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான்.

லிஃப்டில் இறங்கும்போது பல் டாக்டரின் மனைவி கணவரின் காதில், இவர்கள் முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது என்றாள். மறுநாள் காலையிலேயே பல் டாக்டர் முன்பணம் கட்டிவிட்டார்.

6

எழுத்தாளனாக இதுவரை நான் விற்ற ஒரே சொத்து அதுதான். [நிஜ வீடு இன்னும் விற்கவில்லை. மச்சினன் திரும்பவும் கடிகாரத்தோடு வரச் சொல்லியிருக்கிறான்.]

ஆனால் விற்றதும் கதை என் கையைவிட்டுப் போயிற்று. யோசித்துப் பாருங்கள். வீடு விற்கிற நாள்தான் பிரிகிற நாள் என்று பேச்சு. சேர்ந்து வாழப்போகிறவர்களாக நடித்தார்கள், அந்த நடிப்பைப் பார்த்துத்தான் வீடு விற்றது, விற்றதால் பிரிய வேண்டும். அந்த நடிப்பில் ஒரு வரி நிஜமாக இருந்துவிட்டால்?

முடிவுகள் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.

அவள் கேட்டுவிடுகிறாள். அவர் சிரிக்கிறார். சிரித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாததால் இந்த முடிவு அங்கேயே நிற்கிறது.

இரண்டாவது. இரண்டு வண்டிகள் வருகின்றன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். தெருவின் துடிப்பு இரண்டையும் விழுங்கிக்கொண்டது என்று கடைசி வரி. மோசமான வரி. ஆனால் எந்தப் பத்திரிகையும் போட்டுவிடும்.

இன்னொன்று மச்சினன் சொன்னது. பல் டாக்டருக்குக் கடன் கிடைக்கவில்லை, வீடு திரும்பச் சந்தைக்கு வருகிறது, தம்பதி பழையபடி மேலே ஒருவர் கீழே ஒருவர். "எல்லாருக்கும் நல்லதுதான அத்தான்? எனக்கும் ரெண்டு தடவ கமிஷன்."

மனைவியிடமும் கேட்டேன். அவள் கேட்கக் கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும் என்றாள். அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே என்றேன். "யார்கிட்ட? பல் டாக்டர் பொண்டாட்டிகிட்ட. அவ கேட்டா, அவகிட்ட சொன்னாரு. இவகிட்ட இன்னும் ஒரு வார்த்தை சொல்லல" என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் கடைசிக் காட்சியை எழுத முடிந்தது. முடிந்த மட்டும்.

7

காலி செய்கிற நாள். முதல் மாடிக் கூடத்தில் மூட்டைகள். அவளுடையவை சுவரோரம், அவருடையவை லிஃப்ட் பக்கம். நடுவில் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டிய கோப்பைகளும் அங்கிகளும். விற்ற நாளிலிருந்து இருவரும் மூட்டை கட்டுவதைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். கயிறு இருக்கா, அட்டைப்பெட்டி போதுமா. ஒவ்வொரு முறையும் வேறொன்றைக் கேட்கத்தான் அவள் வாயெடுத்தாள், கயிறாக வெளியே வந்தது. தனக்கென்று கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். அவர் எங்கே போகிறார் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மேற்பார்வை அக்காவிடமிருந்து அழைப்பு. நீங்கள் வீட்டை வைத்திருந்த அழகைக் கம்பெனியில் எல்லோரும் மெச்சுகிறார்கள், இன்னொரு வீடு இருக்கிறது, ஆறு மாடி, விற்க ரொம்ப நாளாகும் என்றாள். இன்றைக்கே வந்துவிடலாம். "தம்பதிதான வரீங்க? ரெண்டு பேருன்னு போட்டுக்கட்டுமா?"

ஆறு மாடி. ஒருவரை ஒருவர் பார்க்காமலே வருஷக் கணக்கில் ஓட்டிவிடலாம். அவள் வாய்க்கு ஆம் என்ற சொல் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, போனைக் கையால் பொத்தி, வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். "எத்தன பேருன்னு கேக்கறாங்க" என்றாள்.

வாத்தியார் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

"ஒரே மாடி வச்ச வீடு எதுவும் இல்லையான்னு கேளு" என்றார்.

நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். முடிந்தது, சுபம் என்று மனைவியைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் பார்த்தேன், அவள் முகம் மலரவில்லை. கதையில் இருக்கிறவள் முகத்தைச் சொல்கிறேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைச் சரியாகப் பொத்தவில்லை. விரலிடுக்கில் அக்காவின் மூச்சு கேட்டது. கம்பெனிக்குத் தம்பதிதான் வேண்டும். தம்பதி மாதிரி ஒரு பேச்சு அக்காவின் காதில் விழுந்தால் வீடு உறுதி. இவர் இதை யாருக்குச் சொன்னார்?

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, போனை அணைத்தாள். அணைந்துவிட்டதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தாள். அதைச் சுவரோரத்து மூட்டைகளின் மேல் வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"இப்ப யாரும் இல்ல" என்றாள். "இப்ப சொல்லுங்க."

வாத்தியார் சொல்லத்தான் போகிறார். எனக்கு அது தெரிகிறது. ஆனால் சொல்லாமல் அவளைத் தாண்டி இந்தப் பக்கம் பார்க்கிறார். கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. யாரும் இல்லை என்று அவள் சொன்னது தப்பு. நான் இருக்கிறேன். நீங்கள் இருக்கிறீர்கள். அவர் என்ன சொன்னாலும், கதைக்காகச் சொன்னாரா அவளுக்காகச் சொன்னாரா என்று மறுபடியும் அவள் குழம்ப வேண்டியிருக்கும், பாவம்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்று நாளைக்கு யாராவது என்னைக் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். அது உண்மையாகவும் இருக்கும். நீங்கள் வேண்டுமானால் போகிற வழியில் உங்களுக்குப் பிடித்ததை யோசித்துக்கொள்ளலாம், இங்கே நின்றுகொண்டு வேண்டாம். அவர் இன்னும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எழுந்திருங்கள். கிளம்பலாம்.